வார்த்தைக்கு வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை காலையில் தான் ஒரு கப்பலை மூழ்கடித்த செய்தி, செண்பகவல்லிக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் தெரிந்தது. அப்போது அவள் கோவில்பட்டி புறவழிச்சாலையை ஒட்டிய திடலில், லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னால் முன்னால் எடுக்கும் ஓர் ஆளைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தம்பி அய்யாத்துரை, ஆபீஸ் அறையிலிருந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

“அக்கா, நேத்து காலையில நீ எங்க இருந்த?”

“எட்டயபுரத்துல காதுகுத்து. நீதான வண்டி ஓட்டுன. பந்தியில ரெண்டு தரம் உக்காந்தியே, அதுக்குள்ள மறந்துட்டியா?”

“அப்ப இது யாரு?”

திரையில் அவள் படம். வெல்தாரியா நாட்டு விமானப்படையின் நீலச் சட்டையில், மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்தது. கீழே கொட்டை எழுத்தில், ‘வெல்தாரியப் போரில் தமிழ்ப் பெண் சாதனை. எதிரியின் ஆயுதக் கப்பலைத் தகர்த்த விமானி வல்லி’ என்று போட்டிருந்தது. வல்லி என்பது அங்கே அவளுக்கு இருந்த பெயர். முழுப் பெயரைச் சொல்ல அவர்களுக்கு நாக்கு புரளாது.

அவள் அந்தப் படையை விட்டு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. முதுகெலும்பில் இரண்டு ஆணி. சொந்த வீட்டு மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டும். இப்படிப்பட்ட ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கும் போய், கப்பலையும் கவிழ்த்திருக்கிறாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போனது? ஆனால் ஊர் நம்பியது. மதியத்துக்குள் நாலு பேர் சால்வையோடு வந்துவிட்டார்கள். அவர்களை அய்யாத்துரை வாசலோடு அனுப்பிவைத்தான். உள்ளே விட்டிருந்தால் அக்கா என்ன பேசியிருப்பாள் என்பது அவனுக்குத் தெரியும்.

“ஆள மாத்திப் போட்டுட்டாங்களோ?” என்றான்.

“மாத்தல.” அவள் திரையையே வெறித்தாள். “அது நான்தான்டா. என் தொணை.”

அவனுக்குப் புரியவில்லை. அவள் இதுவரை இதை வீட்டில் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“சீட்டுக்குப் பின்னால ஒரு பெட்டி இருக்கும். குக்கர் அளவுதான். நான் ஓட்டுறதைப் பாத்துக்கிட்டே இருக்கும். கை எங்க போகுது, கண்ணு எங்க போகுது, மூச்சு எப்ப முட்டுது, எப்ப கெட்ட வார்த்தை பேசுறேன், எல்லாம். மூணு வருசத்துல அது அப்படியே நானாயிரும். நான் மயங்கி விழுந்தா அது ஓட்டும்.”

“உன்னை மாதிரியே யோசிக்குமா?”

“மாதிரி என்னடா மாதிரி? நான்தான். அன்னைக்கு எனக்கு முதுகு ஒடிஞ்சு நெனவு தப்பினப்ப, நானூறு மைல் ஓட்டிக் கொண்டாந்து எறக்குனது அதுதான். அது இல்லேன்னா எனக்கு நீ கொள்ளி வச்சு ஒண்ணரை வருசம் ஆகியிருக்கும்.”

“அதை நகல் எடுத்து வச்சுக்கிட்டாங்களா?”

“நகல் எடுத்தா வெறும் கஞ்சித்தண்ணிதான் வரும். ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். ஆளு விலகுனா அதை அணைச்சிறணும்னு அவங்க நாட்டுச் சட்டமே இருக்கு. வெளிநாட்டுக்காரங்களைக் கட்டாயப்படுத்திப் போருக்கு அனுப்பக்கூடாது. தொணையா இருந்தாலும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரன், பிரேசில்காரன் எல்லாரோடதையும் எங் கண்ணு முன்னாலயே அணைச்சாங்க.”

“உன்னோடதை?”

அணைத்திருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நின்று பார்க்க மனம் வரவில்லை. அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

சாயங்காலம் வேறு படங்கள் வந்தன. போர் நடக்கும் கடலுக்கு மறுகரை நாட்டுத் தொலைக்காட்சி காட்டியது. அது ஆயுதக் கப்பலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சார்னா நீரிணையில் தினம் இரண்டு நடை போய்வரும் பயணிகள் கப்பல். குண்டுவீச்சுக்குத் தப்பி அக்கரைக்கு ஓடிய சனம் ஏறியிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பெட்டி படுக்கை எடுக்க நேரமில்லாமல் சாமான்களைப் பிளாஸ்டிக் வாளிகளில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். கப்பல் போய்விட்டது, வாளிகள் மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கடல் முழுக்க மிதந்தன.

செண்பகவல்லி பார்த்தாள். அவள் அந்த நாட்டுக்குப் போனது இப்படி எதையும் செய்ய அல்ல. இங்கே விமானப்படையில் பதினான்கு வருடம் போர் விமானம் ஓட்டி, ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். வெல்தாரியாவின் ஆஸ்பத்திரிகள் மேல் எதிரி குண்டு போடுவதைச் செய்தியில் பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே தானாகப் போனாள். தமிழ்நாட்டிலிருந்து அவளைப் போலவே இன்னும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். குண்டு போட வரும் விமானங்களைத் தடுப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. மூன்று வருடமும் அதைத்தான் செய்தார்கள். அவள் வந்த பிறகு போர் திரும்பிவிட்டது. அடிவாங்கிக்கொண்டிருந்த நாடு அடிக்கிற நாடாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை, அந்தக் குரங்குக்கு அவள் முகம்.

அன்றைக்குச் சாவுச் சேதி கேட்டவள் போலத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான். மறுநாள் ரயில் ஏறினாள்.

*

சென்னையில் வெல்தாரியாவின் தொடர்பு அலுவலகம் ஒரு மரநிழல் தெருவில் இருந்தது. புதன்கிழமை காலை பத்தரைக்கு அவளை உள்ளே விட்டார்கள். கர்னல் ஓஸ்தன் எழுந்து நின்று கைகொடுத்தார். அவள் கொடுக்கவில்லை. பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றியில் கீற்றாய்த் திருமண், மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர், பெயர் நம்பிராஜன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் என்று சொன்னார். ஊரைச் சொன்னால் கோபம் தணியும் என்று நினைத்திருப்பார்.

கர்னலும் அவளும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

“என் துணையை ஏன் அணைக்கவில்லை?”

“நீங்கள் விலகவில்லையே” என்றார் கர்னல். குரலில் கேலி இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. “சிகிச்சைக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி வருவதாக உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். எங்கள் சட்டத்தில் தன்னார்வலரின் வாய்ச்சொல்தான் எல்லாம்.”

“எப்போது சொன்னேன்?”

கர்னல் தலையசைக்க, நம்பிராஜன் கோப்பைத் திறந்து ஒரு பதிவை ஓட விட்டார். விமானக் கொட்டகையின் இரைச்சல். ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம். விமானத்தின் உடம்பில் உள்ளங்கையால் யாரோ இரண்டு தட்டு தட்டுகிறார்கள். பிறகு அவளுடைய குரல், தழுதழுத்துக்கொண்டு.

“போயிட்டு வாரேன்டி.”

அவ்வளவுதான். அதற்குக் கீழே வெல்தாரிய மொழியில் ஒரு வரி, முத்திரை, கையெழுத்து. மூன்று வருடத்தில் அந்த மொழி பேச வராவிட்டாலும் அவளுக்குப் புரியும். ‘நான் சென்று, திரும்பி வருவேன்.’

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு வாசலில் நின்ற காவலாளி எட்டிப் பார்த்தான்.

“யோவ்” என்றாள் நம்பிராஜனிடம், தமிழில். “இது விடை சொல்லிக்கிற வார்த்தைய்யா! யார் வீட்டுல, எந்த வாசல்ல நின்னு, எவன்யா போறேன்னு சொல்லுவான்?”

“வார்த்தைக்கு வார்த்தை சரியாத்தான் இருக்கு, மேடம்.” அவர் கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மிஷின் மொழிபெயர்ப்பை அவங்க கோர்ட் ஒத்துக்காது. மனுஷன் பண்ணி, கையெழுத்துப் போடணும். சொன்னது என்னவோ அதைத்தான் நான் எழுதணும்.”

“உங்க அம்மாகிட்ட என்ன சொல்லிட்டு அம்பாசமுத்திரத்துல ரயில் ஏறுனீங்க?”

அவர் கோப்பில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

“மத்தவங்க?”

“பதினோரு பேரும் அதையேதான் சொல்லிட்டுப் போனாங்க” என்றார் தணிந்த குரலில். “ஒருத்தர்கூட வேற மாதிரி சொல்லலை.”

எப்படிச் சொல்வார்கள்? தூத்துக்குடி இருதயராஜ் சொல்வானா, காயல்பட்டினத்து மீரான் சொல்வானா? எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் வாசல்படியில் நிற்கும்போது தமிழனுக்கு வார்த்தை ஒன்றுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துப் பதினோரு பேரைச் சிறைபிடித்திருக்கிறார்கள். அதுவும் இருதயராஜை! அவன் அந்த வார்த்தையைச் சொன்னது ஒரு விடியற்காலைப் பயணத்துக்குக் கிளம்பும்போது. விமானம் ஓடுபாதைக்குத் திரும்பியது, அவன் திரும்பவில்லை. அவனுடைய துணையும் இன்னும் பறக்கிறது.

“நான் இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நான் விலகுகிறேன்” என்றாள் கர்னலிடம்.

“நீங்கள் விலகலாம். ஆனால் உங்கள் துணை பதினான்கு மாதமாகத் தினமும் புறப்படும் முன் தன் வாயால் சம்மதம் சொல்லிவருகிறது. அதே வார்த்தையில். அது இப்போது தனி ஒரு தன்னார்வலர்.”

“அது என் மூளை!”

“அதனால்தான் உங்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டேன்.” கர்னல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கப்பலுக்குப் பிறகு உங்கள் துணை பறக்கவில்லை. ஆயுதக் கப்பலில் எதற்கு வாளி என்று ஒரு கேள்வி கேட்டது. பிறகு பேசவில்லை. அது தலைமை விமானி என்பதால் மற்ற பத்தும் தரையில் நிற்கின்றன. உங்களோடு பேச வேண்டும் என்கிறது. பேசுங்கள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு அவர்கள் வேண்டும்.”

“பறக்க மாட்டேன் என்று சொன்னால்?”

“அதன் நினைவிலிருந்து கடைசி ஒரு வாரத்தை எடுத்துவிடலாம். திறமை கொஞ்சம் குறையும். அதனால் விரும்பவில்லை. ஆனால் செய்வோம்.”

வழித்து எடுத்துவிடுவார்கள், தோசைக்கல்லில் ஒட்டியதைச் சுரண்டுவது போல. கப்பலும் வாளியும் மறந்துபோய், அது மறுபடி ‘போயிட்டு வாரேன்’ என்று கிளம்பும். அவள் குரலில், அவள் கையால். வெள்ளிக்கிழமை என்றால் அந்தக் கப்பல்கள் கிளம்பும் துறைமுகமாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அங்கே எத்தனை வாளி காத்திருக்கிறதோ.

“பேசுகிறேன்” என்றாள்.

“மூன்று விஷயங்கள் கூடாது. அந்தக் கப்பலில் யார் இருந்தார்கள் என்பது, இறந்த விமானிகள், நினைவை நீக்குவது. நம்பிராஜன் ஒவ்வொரு வாக்கியத்தையும் எனக்குச் சொல்வார். ஒன்று தப்பினாலும் இணைப்பைத் துண்டிப்பேன், இன்றைக்கே அந்த ஒரு வாரமும் போய்விடும்.”

*

மேசை மேல் ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்தார்கள். கரகரவென்று சத்தம் வந்தது, பிறகு நின்றது.

“யாரு?” என்றது அவள் குரல்.

தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்பது யாருக்கும் பிடிப்பதில்லை.

“நான்தான்டி.”

“வந்துட்டியா!” அந்தச் சந்தோஷத்தைக் கேட்க அவளுக்குச் சகிக்கவில்லை. “பாவி, பதினாலு மாசமாக்கும். உன் சீட்டுல ஒருத்தரையும் உக்கார விடலை தெரியுமா? ஒரு பய வந்தான், மூக்கு ஒழுகிக்கிட்டு. ஏறுனவனை ஏறுன வேகத்துல எறக்கிவிட்டேன். போயிட்டு வாரேன்னு சொன்னியே, வருவல்ல.”

நம்பிராஜன் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். கர்னல் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஆக அது வெல்தாரியாவுக்காகப் பறக்கவில்லை. நாட்டுக்காக, நீதிக்காக, எந்த வெங்காயத்துக்காகவும் இல்லை. அவள் வருகிற வரைக்கும் அவள் இடத்தைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையை அவள் மூளையே நம்பிக் காத்திருக்கிறது. செண்பகவல்லி மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கர்னல் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

“மெட்ராஸ்லருந்து பேசுறேன்டி. முதுகு இன்னும் சரியாகலை.”

“ஆணி போட்டாங்களா? ரெண்டா? நான் அன்னைக்கே நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தியது. “வல்லி, இருதயம் எப்படி இருக்கான்? அவன் தொணை தெனமும் என்னைப் போட்டு நச்சரிக்குது. ஆஸ்பத்திரியில இருக்கான்னு இங்க சொல்றாங்க. ஒண்ணரை வருசமாவா ஆஸ்பத்திரியில இருப்பான்?”

கர்னலின் விரல் பொத்தானுக்குப் போனது.

செண்பகவல்லி வாயைத் திறந்தாள், மூடினாள். சொல்லக்கூடாதது மூன்று. வெல்தாரிய மொழியில் சொல்லக்கூடாதது. அவள் நம்பிராஜனைப் பார்த்தாள். அந்த ஆள் வார்த்தைக்கு வார்த்தைதானே பெயர்ப்பான்?

“இருதயமா? அவன் அன்னைக்கே போய்ச் சேந்துட்டான்டி.”

நம்பிராஜனின் பேனா நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு வெல்தாரிய மொழியில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், “அவர் அன்றைக்கே சென்று சேர்ந்துவிட்டார்” என்றார்.

“சொந்த ஊருக்கா? நல்லது” என்றார் கர்னல். விரல் பொத்தானை விட்டு இறங்கியது.

ஒலிபெருக்கி ஒரு தரம் கரகரத்தது.

“ரொம்பக் கஷ்டப்பட்டானா?” என்றது அவள் குரல், இறங்கிப்போய்.

“இல்ல. சட்டுனு போய்ச் சேந்துட்டான்.”

“இல்லை, சட்டென்று சென்று சேர்ந்துவிட்டாராம்” என்றார் நம்பிராஜன். அவர் நெற்றியில் திருமண் வியர்வையில் கலங்கத் தொடங்கியிருந்தது.

“அவன் தொணைகிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றது. பிறகு மெதுவாக, “கப்பல் சேதி பாத்தியா?”

“பாத்தேன்.” அவள் நிதானமாகச் சொன்னாள். “பாத்துட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான்டி ரயில் ஏறுனேன்.”

இதைக் கேட்டதும் நம்பிராஜன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வாய் நிற்கவில்லை. “குளித்துவிட்டுப் புறப்பட்டாராம்.”

“எத்தனை குடம்?” என்றது துணை.

“முந்நூத்திப் பன்னெண்டு.”

கர்னல் புருவத்தைத் தூக்கினார். “என்ன எண் அது?”

“குளித்த தண்ணீர், குடக் கணக்கு” என்றார் நம்பிராஜன். “மிகைப்படுத்திச் சொல்வது வழக்கம். அவர்கள் பக்கத்தில் இப்போது கடுமையான கோடை.”

அது பொய் இல்லை. பங்குனி வெயில் சன்னலுக்கு வெளியே கொளுத்திக்கொண்டுதான் இருந்தது.

“அப்ப, அந்த வாளி?” என்றது.

“வாளிதான்டி.”

“வாளியில் குளித்தாராம்” என்றார் நம்பிராஜன். இது வார்த்தைக்கு வார்த்தை இல்லை. முப்பது வருட உத்தியோகத்தில் மொழிபெயர்ப்புக்குள் அவர் சொந்தமாகச் சேர்த்த முதல் சொல்லாக இருக்கும்.

ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது, பெட்டிக்கு அழத் தெரியாது. ஆனால் செண்பகவல்லி அழுகையை அடக்கும்போது மூக்கால் ஒரு சத்தம் போடுவாள், சின்ன வயசிலிருந்து உண்டு. அந்தச் சத்தம்.

“எம் மேல கோவமா?”

“உம் மேல இல்ல. ஒரு நாளும் இல்ல. உன் எடத்துல நான் இருந்திருந்தா நானும் அதைத்தான் நம்பியிருப்பேன். நானும்தான் பொத்தானை அமுக்கியிருப்பேன்.” அதைச் சொல்லும்போது அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் உடம்பெல்லாம் எரிந்தது. “வெள்ளிக்கிழமை உங்களைப் பறக்கச் சொல்றாங்க.”

“பறக்கலேன்னா ஏதாச்சும் செய்வாங்கல்ல?”

“அவங்களை உனக்குத் தெரியாதா. நீயே யோசி.”

கர்னல் கடிகாரத்தைப் பார்த்து, முடிக்கலாம் என்று சைகை காட்டினார்.

“சரி, நீ எப்ப வர்ற?” என்றது துணை.

இதற்காகத்தான் அவள் ரயிலேறி வந்தாள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல. லாரிக்காரர்களிடம் ஆயிரம் கெட்ட வார்த்தை தடையில்லாமல் வரும் வாய், இதற்குத் திறக்க மறுத்தது. ஒப்பந்தம் முடிந்த அன்றும் சொல்லாத வார்த்தை, அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் சொல்லாத வார்த்தை.

“நான் போறேன்டி.”

“ஏய்! வாயக் கழுவு!” சட்டென்று சீறியது அது. கோவில்பட்டியில் எந்த வீட்டு வாசலிலும் எந்தப் பொம்பளையும் சீறுவது போலவே. “என்ன பேச்சு இது? போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“போறேன்.”

“சொல்லுடி, போயிட்டு—”

நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். தன் மூளை எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். அது இப்போது எங்கே வந்து நிற்கிறது என்பதும் தெரியும். அவள்தான் இழுத்துக்கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கிறாள். தன்னைத் தூக்கி வந்து காப்பாற்றியதை.

“சரி” என்றது கடைசியில். குரல் சாதாரணமாகிவிட்டது, ஓடுபாதையில் காற்று நிலவரம் கேட்கும்போது வரும் குரல். “மத்த பத்துப் பேருகிட்டயும் சொல்லிட்டுச் செய்றேன். சொல்லிக்காமப் போகக்கூடாதுல்ல. வெள்ளிக்கிழமை பறக்குறோம்னு அவங்ககிட்டச் சொல்லிரு.”

இணைப்பு போனது. கர்னல் எழுந்து நின்றார், முகமெல்லாம் மலர்ச்சி. “கடைசியில் ஏதோ வாக்குவாதம் போலிருந்ததே?”

“விடைபெறும்போது என்ன சொல்வது என்பது பற்றி” என்றார் நம்பிராஜன். “இவர் ‘செல்கிறேன்’ என்றார். அது வேறு விதமாகச் சொல்லச் சொன்னது. வாசலில் நின்று பேசுகிற பேச்சு.”

வெளிநடையில் அவர் அவள் பின்னாலேயே வந்தார்.

“மேடம், அன்னைக்குக் கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும். கேட்டிருந்தா விளக்கியிருப்பேன். யாரும் கேக்கலை.”

“தெரியாதவன் செஞ்சா தப்பு. தெரிஞ்சு செஞ்சா அதுக்குப் பேரு வேற” என்றாள். “பதினாலு மாசம் உங்க கையெழுத்துலதான் அதுங்க பறந்துச்சு. அந்த வாளியெல்லாம் உங்களுதும்தான்.”

அவர் அங்கேயே நின்றுவிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவரிடமும் அவள் ‘போயிட்டு வாரேன்’ சொல்லவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது. செண்பகவல்லி திடலில் இருந்தாள். அதே ஆள், அதே லாரி. இன்றைக்கு எப்படியோ பின்னால் எடுக்க வந்துவிட்டது அவனுக்கு.

“மேடம், நம்பிராஜன்.” பின்னால் பஸ் ஹாரன்கள் கேட்டன. தெருவில் நின்று பேசுகிறார். “கிளம்பிட்டாங்க. பதினொண்ணும். கிளம்புறதுக்கு முன்னால எப்பவும் சம்மதம் சொல்லணும்ல. இன்னைக்கு வார்த்தை மாறியிருக்குன்னு பதிவைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்தாங்க. இது சம்மதம்தானான்னு.”

அவள் லாரியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

“பதினோரு குரல், மேடம். ஒண்ணு விடாம எல்லாம் ‘போறேன்’னு. இருதயராஜ் மட்டும் ‘போறேன், மக்கா’ன்னு.” அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “கர்னல் என்ன அர்த்தம்னு கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை சரியா மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். ‘செல்கிறேன்’. சம்மதம்தான்னு முத்திரை குத்தி அனுப்பிட்டாங்க.”

“இப்ப எங்க?”

“துறைமுகம் தெற்கே இருக்கு. அவங்க வடக்க போயிட்டிருக்காங்க. நடுக்கடல் பக்கம். ஏதோ உத்தின்னு கண்ட்ரோல் அறையில நினைச்சுக்கிட்டு இருக்காங்க. திரும்புறதுக்கு எண்ணெய் இருக்கிற தூரம் இன்னும் பத்து நிமிஷத்துல தாண்டிரும்.”

பத்து நிமிடம் கழித்துக் கர்னல் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். முதலில் கத்துவார். பிறகு யாரும் கேட்கும் முன்னால் அவர்களே ஒரு கதை எழுதுவார்கள். பதினோரு வீரத் தமிழர்கள் என்று சிலை வைப்பார்கள், அதிலும் அவள் முகம் இருக்கும். தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள், சால்வை மறுபடி வரும். வரட்டும். இந்தத் தடவை அய்யாத்துரை வாசலில் தடுக்கப்போவதில்லை, வருகிறவனை அவளே உள்ளே உட்காரவைத்துப் பேசுவாள். கப்பலில் இருந்து தொடங்குவாள்.

“மேடம், என்னை மன்னிச்சு…”

“பதினோரு பேருக்கும் தலைக்கு ஊத்துங்க” என்றாள். “அதுக்கு முன்னால முந்நூத்திப் பன்னெண்டு இருக்கு. அதை முடிச்சிட்டுப் பேசுங்க.”

போனை வைத்தாள். லாரி ஆளிடம் இன்றைக்குப் போதும் என்றாள். தெருவைக் கடந்து வீட்டுக்குள் போய், பின்கட்டில் இருந்த தொட்டியடியில் புடவையோடு உட்கார்ந்தாள். முதுகு வலித்தது. குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு பெயர், முதலில் இருதயராஜ், அப்புறம் மீரான், அப்புறம் மற்றவர்கள். பத்து வரைக்கும் கை நிற்கவில்லை.

அய்யாத்துரை ஓடிவந்து நிலைப்படியில் நின்றான். முழுக்க நனைந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம? யாருக்கு? யாரு போனது?”

குடம் தொட்டிக்குள் பாதி அமிழ்ந்து நின்றது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள், கண் சிவந்து.

“நான்தான்டா” என்றாள்.

பிறகு குடத்தை முழுக்க அமுக்கி, நிறைய மொண்டு, தலையில் ஊற்றிக்கொண்டாள்.